ஐந்நூற்றிருபது ஹெர்ட்ஸ்

காரகோல்
18 மார்ச் 1997

நரின் நகரத் தபால் நிலையம், தந்திப் பிரிவு, திருமதி நூரிலா அவர்களுக்கு,

உங்கள் கணவர் ஜுமாஷ் மருத்துவமனையில் இருப்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அவருக்கு நேரடியாக எழுத எனக்கு விருப்பமில்லை என்பதும் ஒரு காரணம்.

கோக்-பெல் மலை வானிலை நிலையத்தில் நடந்ததை விசாரிக்கத் துறை மூவர் குழு ஒன்றை அமைத்திருக்கிறது. போன வாரம் அவர்களில் ஒருவர் இங்கே வந்து என் ரேடியோ பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். பிப்ரவரி 10, பிற்பகல் 2.00 முதல் 2.30 வரை, சிக்னல் இல்லை. 11, 12, 13 தேதிகளிலும் அதே நேரம், அதே பதிவு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நிலையத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். தலைவர் உங்கள் கணவர். அவருக்குக் கீழே என் தம்பி தாலாய். ஒன்பதாம் தேதி இரவு தாலாய்க்கு வயிற்றுவலி வந்தது, நான்கு நாள் மோர்ஸில் உதவி கேட்டோம், யாரும் வரவில்லை, பதினான்காம் தேதி அவனைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினேன், மறுநாள் வழியில் இறந்துவிட்டான் என்று உங்கள் கணவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். இறந்தவனை மலையிலேயே விட்டுவிட்டு அவர் மட்டும் ஓர் இடையர் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

அழைத்திருந்தால் நான் கேட்டிருப்பேன். தினமும் இரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தம்பி மேலே இருக்கும்போது நான் வேறு எங்கே இருப்பேன்?

உங்கள் கணவரிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதுங்கள். ஏன் அழைக்கவில்லை? தாலாயை எந்த இடத்தில் விட்டார்? இரண்டாவதை அம்மா தினமும் கேட்கிறார்.

மெதெர்பெக்


நரின்
29 மார்ச் 1997

மெதெர்பெக் அண்ணா,

"திருமதி நூரிலா அவர்களுக்கு" என்று உறையில் பார்த்ததும் யாரோ அதிகாரி என்று நினைத்தேன். நரின் ரேடியோ கிளப்பில் நீங்களும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிக்னல் பிடித்தது ஆறு வருஷம். அப்போதெல்லாம் "ஏய் நூரிலா, டயலை விடு" என்பதுதான் எனக்கு வாய்த்த மரியாதை. இப்போது "நீங்கள்" ஆகிவிட்டேன். சரி.

ஜுமாஷுக்கு வலது கையில் பனி கருக்கிய மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இடது பாதத்தில் முன்பாதி இல்லை. பேசுவதில்லை. வாக்குமூலம் கொடுத்த அன்று பேசியதோடு சரி. என்னிடம் தண்ணீர் கேட்பார், நேரம் கேட்பார். உங்கள் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் அழைத்தார்கள். நான் கேட்டேன்.

பதினோராம் தேதி, மதிய உணவு இடைவேளையில் வீட்டுக்கு வந்து, தபால் நிலையம் கழித்துப்போட்ட அந்தப் பழைய ரிசீவரைப் போட்டேன். இரண்டு பத்துக்கு இரைச்சலுக்கு அடியில் மோர்ஸ் இருந்தது. உடனே காரகோலுக்கு டிரங்க் கால் போட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

"நூரிலா, உன் ரிசீவர் மூணு கிலோஹெர்ட்ஸ் அகலம். அது காது இல்ல, சந்தை. சந்தையில யார் பேரைக் கூப்பிட்டாலும் நம்மளைக் கூப்பிடுற மாதிரிதான் கேக்கும்."

நான் போனை வைத்துவிட்டேன். பிறகு துறையின் நரின் அலுவலகத்துக்குப் போனேன். இலையுதிர்காலத்தில் நிலையத்தின் பெரிய ரேடியோ பழுதானபோது, காரகோலில் நீங்கள் கேட்பது மட்டுமே அதிகாரபூர்வத் தொடர்பு என்று அவர்கள் காகிதத்தில் எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். உங்களுக்குப் போன் செய்தார்கள். சிக்னல் இல்லை என்றீர்கள். "அவரே இல்லங்கிறார், நீங்க எதுக்குக் கவலைப்படுறீங்க?" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். மீட்கப் போயிருக்க வேண்டிய ஹெலிகாப்டர் கிளம்பவே இல்லை.

தாலாயை நினைத்து அழுதிருக்கிறேன் அண்ணா. ஆனால் என் வீட்டுக்காரர் அவனைச் சாகவிட்டார் என்று நீங்கள் எழுதாமல் எழுதியிருப்பதை மன்னிக்க முடியாது.

நூரிலா


காரகோல்
8 ஏப்ரல் 1997

நூரிலா அவர்களுக்கு,

டிரங்க் காலில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. தவறான வார்த்தை. ஆனால் தவறான கருத்து இல்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். பகல் இரண்டு மணிக்கு அந்த அலைவரிசையில் சிக்னல் மிகவும் மெலிந்து வரும். மலையில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, நான் கட்டிய சிறிய டிரான்ஸ்மிட்டர், பனி சுமந்த ஏரியல் கம்பி. அகலமான ரிசீவரில் அதோடு சேர்ந்து மின்கம்பி இரைச்சலும் வெல்டிங் பட்டறையும் சீன ராணுவ நிலையங்களும் உள்ளே வரும். ரிசீவர் கேட்கும் அகலத்தை, அந்த ஜன்னலை, ஒடுக்க ஒடுக்க இரைச்சல் குறையும்; சிக்னல் குறையாது. அதற்காகத்தான் பழைய டாக்ஸி ரேடியோக்களிலிருந்து எண்பது குவார்ட்ஸ் படிகங்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் அளந்து, ஒத்துப்போன ஆறை வைத்து இந்த ஃபில்டரைச் செய்தேன். இருநூறு ஹெர்ட்ஸ் அகலம். உங்கள் ரிசீவரின் ஜன்னலில் பதினைந்தில் ஒரு பங்கு. நவம்பரிலிருந்து பிப்ரவரி ஒன்பது வரை தாலாயின் ஒரு எழுத்துகூட எனக்குத் தப்பவில்லை. அந்த மூன்று மாதத்தில் உங்களால் அவனை எத்தனை நாள் கேட்க முடிந்தது?

நீங்கள் கேட்டதாகச் சொல்வதைக் குழு ஏற்காது. நானும் இப்போதைக்கு ஏற்கவில்லை. எத்தனை எழுத்து பிடித்தீர்கள்? எவ்வளவு நேரம்? தொனி எப்படி இருந்தது? தாலாய் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

தெளிவாக எழுதுங்கள்.

மெதெர்பெக்


நரின்
17 ஏப்ரல் 1997

மெதெர்பெக் அண்ணா,

மூன்று மாதத்தில் பதினொரு நாள். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விகள். பிடித்தது ஒரு சொல், அதுவும் பாதி. "நோய்" என்பதற்கு நாம் அடிக்கும் சொல்லில் முதல் மூன்று எழுத்து. பிறகு மின்கம்பி இரைச்சல் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிடம் இருப்பது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

தாலாய் என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். நான் பதினேழு வருஷம் தந்தி அடித்துச் சம்பளம் வாங்கியவள். ஒவ்வொருவருக்கும் தந்திச் சாவி தட்டுவதில் ஒரு நடை உண்டு. உங்கள் தம்பி சொல்லின் கடைசிக் கோட்டு ஒலியை இழுத்து விடுவான், வாசலில் நின்று இன்னும் ஏதோ சொல்ல வருகிற ஆள் மாதிரி. அந்த இழுப்பு இருந்தது. ஜுமாஷ் தட்டினால் விறகு வெட்டுகிற மாதிரி இருக்கும். அது ஜுமாஷ் இல்லை.

தொனி: தாழ்ந்திருந்தது. எப்போதும் விசில் மாதிரி வருவான், நான் டயலில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அந்த இடத்திலேயே வைத்துக் கேட்பேன். அன்று அதே கோட்டில் வைத்திருந்தும் அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி வந்தது. ஒருவேளை உடம்பு சரியில்லாததால் என்று நினைத்தேன் என்றால் சிரிப்பீர்கள். ரேடியோவுக்கு ஏது உடம்பு. ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்று எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தொனி தாழ்ந்திருக்கிறது என்பதை டிரங்க் காலில் உங்களிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்கள் சந்தை என்றீர்கள். ரோஷத்தில் வைத்துவிட்டேன். திரும்பப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

குழு மே இருபதாம் தேதி இங்கே நரினில் கூடுகிறது. உதவி கேட்காமல் இருந்தது, நோயாளியை நகர்த்தியது, நிலையத்தை விட்டு வெளியேறியது என்று மூன்று குற்றச்சாட்டு. முதலாவது நிரூபணமானால் மற்ற இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார் வக்கீல். நீதிமன்றத்துக்கு அனுப்பினால் மூன்று வருஷம் ஆகலாமாம். முதலாவதற்கு ஆதாரம் உங்கள் பதிவேடு.

நூரிலா


காரகோல்
4 மே 1997

நூரிலா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். சோதனை செய்துகொண்டிருந்தேன்.

மலைக்கு அனுப்பிய டிரான்ஸ்மிட்டரைச் செய்த அதே வாரம், அதே பாகங்களில் இன்னொன்றும் செய்திருந்தேன். அது இங்கே பரணில் இருந்தது. உன் கடிதம் வந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு இறைச்சிக் கிடங்குக்குப் போனேன். அங்கே குளிர் அறை மைனஸ் பதினெட்டு. கிடங்குக் கண்காணிப்பாளரிடம் எதற்கு என்று சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வெடிக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டார். பாதி தீர்ந்த பேட்டரியை இணைத்து, சாவி அழுந்தியே இருக்கும்படி ரப்பர் வளையம் மாட்டி, ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவிலுள்ள வீட்டுக்கு ஓடி வந்து கேட்டேன்.

முதல் பத்து நிமிடம் சரியான இடத்தில் இருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. இருபத்தைந்தாவது நிமிடம் என் ஃபில்டரின் ஓரத்தில் தேய்ந்து, இருபத்தெட்டாவது நிமிடம் காணாமல் போனது. ஃபில்டரை எடுத்துவிட்டுக் கேட்டேன். இருந்தது, தாழ்ந்த தொனியில். மூன்று மணி நேரம் கழித்து அளந்தபோது இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஐந்நூற்றிருபது ஹெர்ட்ஸ் கீழே இருந்தது. மூன்று நாள் விட்டுவிட்டுச் செய்தேன். 520, 490, 530.

என் ஃபில்டர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நூறு நூறு ஹெர்ட்ஸ்தான் விடும்.

ஃபில்டர் போட்டிருக்கும்போது வெளியே நிற்கிற சிக்னல் மெலிந்து கேட்பதில்லை. அறவே கேட்பதில்லை. சுத்தமான அமைதி. அந்த அமைதியைத்தான் நான் வருகிறவர்களுக்கெல்லாம் ஹெட்போனை மாட்டிவிட்டுப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பரிலிருந்து மூன்று மாதம் ஏன் நகரவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. அப்போதும் மேலே குளிர்தான். ஜுமாஷுக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்றும் புரியவில்லை. நானும் தினமும் இரண்டு மணிக்கு அவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் டிரான்ஸ்மிட்டர் பெரியது, அவர்களுக்குக் கேட்காமல் இருக்காது. நான் அவர்களைக் கேட்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

அந்த டிரான்ஸ்மிட்டரைச் செய்தவன் நான். ஃபில்டரைச் செய்தவனும் நான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மெதெர்பெக்


நரின்
12 மே 1997

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஜுமாஷுக்கு உரக்கப் படித்தேன். இறைச்சிக் கிடங்கு வரும்போது சுவரிலிருந்து திரும்பினார். ஐந்நூற்றிருபது என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை பேசினார். நான் தந்தி எடுக்கிற வேகத்தில் எழுதிக்கொண்டேன். அதை எட்டாம் தேதியே தபாலில் சேர்த்திருக்கலாம். ஒரு பகுதியை விட்டுவிடலாமா என்று நான்கு நாள் கையில் வைத்திருந்தேன். உங்களிடம் மறைத்தால் நாளை நேரில் பார்க்கும்போது முகத்தைப் பார்க்க முடியாது. முழுவதும் எழுதுகிறேன்.

ஏன் முன்பு நகரவில்லை என்றால், ரேடியோ அறையில் அடுப்பு எரிந்தது. பிப்ரவரியில் நிலக்கரி குறைந்துபோனது. தாலாய் படுத்ததும் இருந்த கரியையெல்லாம் அவன் அறை அடுப்புக்கே போட்டிருக்கிறார். ரேடியோ அறைச் சுவரில் உட்பக்கம் பனி படிந்ததாம்.

நீங்கள் கூப்பிட்டதும் அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்கிற சிறிய ரிசீவரின் பேட்டரி ஒன்பதாம் தேதியே தீர்ந்துவிட்டது. அனுப்ப முடியும், கேட்க முடியாது. அதனால் நீங்கள் கேட்கிறீர்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பத்தாம் தேதியிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ஜுமாஷ் தாலாயை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாவி முன்னால் வைப்பாராம். "நான் தட்டுறேன், நீ படு" என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். என் கையென்றால் அண்ணனுக்கு அடையாளம் தெரியும் என்றானாம்.

மூன்றாம் நாள் ஜுமாஷ் டயலைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டி அனுப்பிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். தாலாய் அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறான். அவன் சொன்னதை ஜுமாஷ் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அதைத் தொடாதீங்க. அண்ணன் இதே இடத்துலதான் கேட்டுட்டிருப்பார். அவரோட ஃபில்டர் ஊசிக்கண்ணு மாதிரி, நாம நகர்ந்தா விட்டுடுவார்."

பதின்மூன்றாம் தேதியும் அதையே சொன்னானாம். கேட்டுவிட்டார், வந்துகொண்டிருக்கிறார்கள், மேகம் விலகட்டும் என்று. அவன் அப்படிச் சொன்னதால்தான் நான்கு நாள் காத்திருந்தோம், இல்லையென்றால் பத்தாம் தேதியே இறங்கியிருப்பேன் என்றார் ஜுமாஷ். இதைச் சொல்லும்போதுதான் உடைந்தார். இதை அவர் குழுவிடம் சொல்லவில்லை. செத்தவன்மேல் பழி போடுவதா என்று விட்டுவிட்டாராம்.

இடம்: கோக்-பெல் கணவாயிலிருந்து ஓடை வழியே இறங்கினால், நீர் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு முன்னால், இடது கரையில், சாய்ந்த பாறைக்கு அடியில். முகம் மேற்குப் பார்த்திருக்கும்படி வைத்து, கல் அடுக்கியிருக்கிறார். ஜூன் கடைசிக்கு முன்னால் அங்கே குதிரை போகாது.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

நூரிலா


நரின், பேருந்து நிலையம்
20 மே 1997

நூரிலா,

வீட்டுக்கு வராமல் போகிறேன் என்று கோபிக்காதே. காரகோல் பேருந்து நான்கு மணிக்கு. இதை நிலைய அலுவலரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நீ தபால் நிலையத்தில் விடுப்புக் கிடைக்காமல் வர முடியவில்லை என்று வக்கீல் சொன்னார். உள்ளே நடந்ததை நான் சொல்வதுதான் முறை.

ரிசீவரையும் இரண்டாவது டிரான்ஸ்மிட்டரையும் எடுத்துப் போயிருந்தேன். டிரான்ஸ்மிட்டரை ஐந்நூற்றிருபது ஹெர்ட்ஸ் இறக்கி வைத்துவிட்டு, குழுத் தலைவருக்கு ஹெட்போனை மாட்டினேன். ஃபில்டரோடு கேட்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றார். ஃபில்டரை எடுத்தேன். இப்போது கேட்கிறது என்றார். திரும்பப் போட்டேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ உங்க பதிவேடு பொய்யா?" என்று கேட்டார்.

"பொய் இல்லீங்க. எனக்குக் கேக்கல, அதைத்தான் எழுதினேன். அவங்க கூப்பிடலன்னு நான் எழுதல. நீங்கதான் அப்படிப் படிச்சீங்க. முதல்ல நானும் அப்படித்தான் படிச்சேன்."

பதினோராம் தேதி நீ போன் செய்ததையும், நான் கேலி செய்ததையும், நரின் அலுவலகத்துக்கு நீ போனதையும் சொன்னேன். எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தாலாய் டயலைத் தொடவிடாததையும் சொன்னேன். ஜுமாஷ் பெஞ்சிலிருந்து எழுந்து, வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினார். கட்டுப்போட்ட கை. நான் நிறுத்தவில்லை. அவன் என் தம்பி, சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

உதவி கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டை அங்கேயே நீக்கிவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் எச்சரிக்கை எழுதி முடித்துவிடுவார்கள் என்கிறார் வக்கீல். நீதிமன்றம் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஜுமாஷ் நின்றிருந்தார். நான் அவரிடம் போகவில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். ஜூன் கடைசியில் அவரால் குதிரையில் உட்கார முடியுமா என்று கேட்டு எழுது.

மெதெர்பெக்


நரின்
9 ஜூலை 1997

அண்ணா,

ஜுமாஷ் நேற்று வந்து சேர்ந்தார். கால் வீங்கியிருக்கிறது, ஆனால் ஒருவாறு நடக்கிறார். அடக்கத்துக்கு வர முடியாததற்கு மன்னியுங்கள், தந்திப் பிரிவில் இப்போது நான் ஒருத்திதான்.

எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மலைக்குப் போகிற வழியில் இரண்டு நாள் நீங்கள் இருவரும் குதிரைகளோடு மட்டும் பேசினீர்களாம். பாறையிடம் வந்ததும் "நீங்க தள்ளி நில்லுங்க" என்றீர்களாம். அவர் தள்ளிப் போய் ஓடைப்பக்கம் உட்கார்ந்துவிட்டார். கல்லையெல்லாம் நீங்களே எடுத்தீர்கள். அப்புறம் "ஜுமாஷ், வந்து அந்தப் பக்கம் பிடி" என்று கூப்பிட்டீர்கள். ஒருமையில் கூப்பிட்டார் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

காரகோலில் எத்தனை பேர் வந்தார்கள், எந்த மௌலவி ஓதினார் என்றெல்லாம் சொன்னார். பெண்கள் கூடாரத்துக்குள் உங்கள் அம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார்களாம். எல்லோரும் என்ன கேட்பார்களோ என்று பார்த்துக்கொண்டிருக்க, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்களாம். இல்லை என்றதும் எழுந்து போய் அவர்களே இறைச்சி எடுத்துவந்து கொடுத்தார்களாம்.

இனி நான் எழுத வந்தது. தந்திப் பிரிவை ஆகஸ்டோடு மூடுகிறார்கள். கோக்-பெல்லில் இந்தக் குளிர்காலமும் ஆள் இருக்க வேண்டும் என்று துறை சொல்கிறது. ஜுமாஷ் திரும்பப் போகிறேன் என்கிறார். அந்தக் கையால் சாவி தட்ட முடியாது. இன்னோர் ஆளைத் தேடினார்கள், யாரும் ஒப்பவில்லை. நான் பெயர் கொடுத்துவிட்டேன். என் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அக்டோபருக்குள் சரியாகிவிடுவார்.

பெரிய ரேடியோவைப் பழுது பார்ப்போம் என்று போன வருஷமும் சொன்னார்கள். அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்பீர்களா என்று எனக்குத் தெரியாது. மாட்டேன் என்றால் பிஷ்கெக்கில் ஒருவரைக் கேட்கலாம். உங்களைக் கேட்காமல் அவரைக் கேட்பது சரியாகப் படவில்லை.

நூரிலா


காரகோல்
14 செப்டம்பர் 1997

நூரிலா,

பிஷ்கெக்காரருக்கு மோர்ஸ் கேட்பதைவிடத் தன் ரேடியோவைப் பற்றிப் பேசுவதில்தான் விருப்பம். எனக்கு அது நன்றாகத் தெரியும், நானும் அந்த ரகம்தான்.

லாரி ஓட்டுநரிடம் மரப்பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன். டிரான்ஸ்மிட்டர் புதியது. டயல் கிடையாது. அதிர்வெண்ணை ஒரு குவார்ட்ஸ் படிகம் பிடித்துக்கொண்டிருக்கும். இறைச்சிக் கிடங்கில் ஆறு நாள் வைத்தேன். பேட்டரி ஒன்பது வோல்ட்டுக்கு இறங்கியும் நாற்பது ஹெர்ட்ஸுக்கு மேல் நகரவில்லை. கண்காணிப்பாளர் இப்போது என்னைப் பார்த்ததும் குளிர் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அடியில் இருப்பது ரிசீவர், கையால் சுற்றும் ஜெனரேட்டரோடு. அதற்குப் பேட்டரி வேண்டாம். ஜுமாஷ் இடது கையால் சுற்றலாம்.

இங்கே நான் செய்திருப்பது: ரிசீவரில் ஒரு குமிழ். மூன்று கிலோஹெர்ட்ஸ், ஐந்நூறு, இருநூறு. இரண்டு மணிக்கு முழு அகலத்தில் உட்கார்வேன். இரைச்சலோடுதான். நீ இருக்கும் இடம் தெரிந்த பிறகு உன்னை நடுவில் நிறுத்திவிட்டு ஒடுக்குவேன். உன் சிக்னல் மெலிந்துபோனால் ஒடுக்காமல் எழுத்துப் பிடிக்க என்னால் முடியாது. உன் காது எனக்குக் கிடையாது. ஆகவே ஃபில்டரைக் குப்பையில் போடுங்கள் என்று போன கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. நீ அதை அழிக்கப் பார்த்திருக்கிறாய், அழியவில்லை.

இரண்டு நாள் தொடர்ந்து கேட்கவில்லையென்றால், காரணம் எதுவாயிருந்தாலும், "ஆபத்து" என்று பதிவேட்டில் எழுதித் துறைக்கு அனுப்புவேன். இதையும் இந்த முறை காகிதத்தில் முத்திரையோடு வாங்கிவிட்டேன். "சிக்னல் இல்லை" என்ற சொல்லே இனி அந்தப் பதிவேட்டில் கிடையாது. "எனக்குக் கேட்கவில்லை" என்றுதான் எழுத வேண்டும்.

அம்மா பெட்டிக்குள் ஜுமாஷுக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வைத்திருக்கிறார். இடது காலுக்குரியது அளவு பார்த்துப் பின்னியது.

மெதெர்பெக்


கோக்-பெல்
7 நவம்பர் 1997

அண்ணா,

கடைசி இடையர் கூட்டம் நாளை கீழே இறங்குகிறது, அவர்களிடம் இதைக் கொடுக்கிறேன். இனி ஏப்ரல் வரை தபால் கிடையாது.

சேர்ந்துவிட்டோம். ரேடியோ அறையில் அடுப்பு எரிகிறது. கரி போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு ஏற்றியிருக்கிறோம், ஜுமாஷ் தினமும் எண்ணிப் பார்க்கிறார். ஜெனரேட்டரைச் சுற்றும்போது பாட்டுப் பாடுகிறார். குரல் சகிக்கவில்லை. பாட விடுகிறேன்.

ஒரு சந்தேகம். மூன்றாம் தேதி, முதல் நாள், சரியாக இரண்டு மணிக்கு உங்களைக் கூப்பிட்டு, வானிலைச் செய்தியை இரண்டு முறை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். உங்கள் பதில் வர நான்கு நிமிடம் ஆனது. ஜுமாஷ் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார், நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து உடனுக்குடன் பதில் வருகிறது. முதல் நாள் மட்டும் என்ன ஆயிற்று? சிக்னல் மெலிந்திருந்ததா? ஏரியல் கம்பி பனிச்சுமையில் இன்னும் தாழ்கிறது, வேண்டுமானால் மேற்குக் கம்பத்தை ஓர் ஆள் உயரம் ஏற்றிக் கட்டலாம். ஏற்றச் சொன்னால் ஜுமாஷ் அந்தக் காலோடு ஏணியில் ஏறுவார். அதனால் உண்மையிலேயே தேவையென்றால் மட்டும் சொல்லுங்கள். ரேடியோவில் சொன்னாலும் போதும்.

நூரிலா


காரகோல்
19 நவம்பர் 1997

நூரிலா,

இது ஏப்ரலில்தான் உன் கைக்கு வரும் என்று தெரியும். ரேடியோவில் "கம்பம் வேண்டாம், சிக்னல் போதும்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். மீதியை ரேடியோவில் சொல்ல முடியாது. உன் சாவியைக் கேட்கிறவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள்.

மூன்றாம் தேதி நடந்தது இது. ஒன்று ஐம்பதுக்கு உட்கார்ந்தேன். முழு அகலம். மின்கம்பி, வெல்டிங், தூரத்தில் ஏதோ ஒரு கப்பல். இரண்டு மணிக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நீ இருந்தாய். மெலிந்துதான், ஆனால் எங்கே என்று கை வைத்துக் காட்டலாம். நடுவில் நிறுத்தினேன். குமிழை ஐந்நூறுக்குத் திருப்பினேன், பிறகு இருநூறுக்கு. மற்றவர்கள் எல்லாம் வெளியே போனார்கள். முதல் முறையிலேயே செய்தி முழுவதும் வந்துவிட்டது: காற்று வடமேற்கு, மைனஸ் பதினொன்று, பனி நாற்பது சென்டிமீட்டர், இருவரும் நலம். இரண்டாம் முறை அனுப்பியது தேவையே இல்லை. பதிவேட்டில் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம் மோசம், மற்றபடி சரி.

சிக்னல் நன்றாக இருந்தது. கம்பத்தைத் தொட வேண்டாம். ஃபில்டர் சரியாக வேலை செய்தது. என் டிரான்ஸ்மிட்டர் இரண்டு மணிக்கு முன்பே சூடாகித் தயாராக இருந்தது. சாவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

நான்கு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் கருவி அல்ல.

மெதெர்பெக்